யூனிட் கிரிட்டிக்கல், அல்ஹம்துலில்லாஹ்

அணுமின் நிலையத்தில் வேலை கிடைத்துப் போகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, அங்கே உங்களுக்கு எல்லாம் சொல்லித் தருவார்கள். எந்த விளக்கு எரிந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்தக் கதவை யார் திறப்பது, வெளியே வரும்போது கையை எப்படிக் கழுவுவது என்பதுவரை சொல்லித் தருவார்கள். வீட்டுக்கு ஃபோன் எடுத்தால் என்ன கதைப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். அந்தப் பாடத்தை நான் எடுக்கிறேன். இந்தத் தொழிலில்தான் என் தலைமுடி முழுவதும் கொட்டியது. கதிர்வீச்சால் இல்லை, பரம்பரை வழுக்கை. இதை எழுத்தில் வைக்கவேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் மனைவியின் பக்கத்து ஆட்கள் இன்னும் நம்பவில்லை.

நான் இருந்த நாடு எது, நிலையம் எது என்று கேட்காதீர்கள். வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். அதோடு, கதைக்கு அது தேவையுமில்லை. கதை நடந்தது இங்கே, இலங்கையில், கல்முனைப் பக்கத்தில்.

நம்முடைய தொழிலுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு உம்மா, மாமி, சொந்தபந்தம் என்று ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். இருந்திருந்தால் நல்ல விசயத்துக்கெல்லாம் இப்படிக் கெட்ட பெயராகப் பார்த்து வைத்திருப்பார்களா? ‘நஞ்சு’ என்று ஒன்று இருக்கிறது. அணு உலை ஓடும்போது உள்ளே ஒரு வாயு உருவாகும். அது நியூத்திரன்களை விழுங்கும், தீ மங்கும், பிறகு அந்த வாயு தானாகவே இல்லாமல் போய்விடும். மனிசனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உலையின் வேகத்தைக் குறைப்பதால் நஞ்சு என்கிறார்கள். ஒரு நாள் கன்டீனில் நானும் நம்மூர் ஆள் ஒருவரும் சோற்றுக்கு வரிசையில் நின்றபடி தொழில் கதைத்தோம். “நஞ்சு ஏறிக்கிட்டு வருது, நாளைக்குத் தானாக் குறையும்” என்றேன். சமையல்காரர் பொத்துவில் பக்கத்து ஆள், தமிழ் விளங்கும் என்பது எனக்குத் தெரியாது. அகப்பையோடு நின்ற மனிசன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் ஆணத்தை அப்படியே பானையோடு தூக்கிக் கழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டார். பத்து நாட்டுக்காரர் அன்றைக்குப் பாணும் வாழைப்பழமும் தின்றார்கள்.

எங்கள் ஷிப்ட் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். நரைத்த மீசை வைத்த ஒரு வெளிநாட்டுக்காரர், கோபம் வந்தால் மெதுவாகக் கதைப்பார். “தொப்பியை எப்படிக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போகிறாயோ, அந்தச் சொல்லையும் அங்கேயே வைத்துவிட்டுப் போ” என்றார். நல்ல புத்தி. நான் அதை என் கீழே வேலை பார்த்த பொடியன்மாருக்கெல்லாம் சொன்னேன். ரிஸ்வானுக்கும் சொன்னேன்.

ரிஸ்வான் மருதமுனைப் பொடியன். கட்டுப்பாட்டு அறையில் வேலை. கெட்டிக்காரன், ஆனால் சந்தோசம் வந்தால் வாய் நிற்காது. அவனுக்குச் சாய்ந்தமருதில் சம்பந்தம் பேசிக் கொடுத்தவனே நான்தான். பெண் ஷிபானா, ஆஸ்பத்திரியில் தாதி. தகப்பன் இஸ்மாயில் காக்கா நெல் அவித்துக் குத்துகிற மில் வைத்திருக்கிறார். தாய் ஹாஜரா ராத்தா. எங்களுக்கு அண்ணன் முறைக்காரர் காக்கா, அக்கா முறைக்காரி ராத்தா. கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கவேண்டும். வீடும் கட்டி, மாபிள் பதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஆகவே மாமியாருக்குப் பிடிக்காவிட்டால் மாப்பிள்ளைக்கு இருக்க இடமில்லை என்று வையுங்கள்.

நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு நாள் காலையில் ஹாஜரா ராத்தாவின் ஃபோனுக்கு மருமகனிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. பிறகு எனக்கு அதைப் பலமுறை போட்டுக் காட்டினார்கள், அதனால் மனப்பாடம்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. சந்தோசமான செய்தி ஒண்டு. எங்கட யூனிட் இண்டைக்குக் கிரிட்டிக்கல் ஆகிட்டு, அல்ஹம்துலில்லாஹ். எல்லாரும் கைதட்டி, கேக்கும் வெட்டினம். நான் திரும்ப உள்ளுக்குப் போறன், ஃபோன் கொண்டுபோக ஏலாது. துஆச் செய்ங்க.”

இதில் பிழையான ஒரு சொல்லும் இல்லை. யூனிட் என்றால் ஓர் உலையும் அதன் டேர்பைனும் சேர்ந்த தொகுதி. கிரிட்டிக்கல் என்றால், ஓர் அணு பிளந்து வருகிற நியூத்திரன்களில் சரியாக ஒன்று அடுத்த அணுவைப் பிளக்கிறது, அதிலிருந்து ஒன்று அடுத்ததை, இப்படிக் கூடாமல் குறையாமல் தொடர் நிற்கிறது. புது உலை முதல் தடவை அந்த நிலைக்கு வருவது பிள்ளை முதல் தடவை எழும்பி நிற்கிற மாதிரி. கேக் வெட்டத்தான் வேண்டும்.

ஆனால் சாய்ந்தமருதில் கிரிட்டிக்கல் என்கிற சொல் ஆஸ்பத்திரியில் இருந்துதான் வருகிறது. ஹாஜரா ராத்தா இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்த மகளைத் தட்டி எழுப்பி, செய்தியைச் சொல்லாமல் சொல்லை மட்டும் கேட்டிருக்கிறார்.

“கிரிட்டிக்கல் எண்டா என்ன புள்ள?”

ஷிபானா கண்ணைத் திறக்காமலே, “தப்புறது கஷ்டம் உம்மா. சொந்தக்காரர வரச் சொல்லுவம்” என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

யூனிட் என்றால் அவர்களுக்கு வார்ட்டு. ஆக, மருமகனோடு வேலை செய்கிற ஒரு கூட்டமே மௌத்துக்குக் கிடக்கிறது, மருமகனும் அதற்குள்ளே திரும்பப் போகிறார், கேக் வெட்டியது பிரியாவிடைக்கு. ஃபோன் எடுத்தால் போகவில்லை. லுஹர் தொழுகைக்கு முன்னர் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மத்தியானம் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டி நிறையப் பிளாஸ்டிக் கதிரை வந்து வாசலில் நின்றது. யார் சொல்லி அனுப்பினது என்று இன்றுவரை தெரியாது. கல்யாணத்துக்கா மற்றதுக்கா என்று கேட்க வெட்கப்பட்டு ஓட்டிவந்தவர் கதிரைகளை இறக்காமலே காத்திருந்தார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு இஸ்மாயில் காக்கா மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரே ஒரு தடவை “அங்க ஜனாஸாவ அனுப்புவாங்களா?” என்று கேட்டார். யாருடைய பிரேதம் என்று விளங்காமல் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாதி மாபிள் பதித்த புது வீட்டின் முன்மண்டபத்தில் ஆண்கள். உள்வாசலில் ஹாஜரா ராத்தா, தலையில் முந்தானை, கையில் ஃபோன். பின்னால் ஷிபானா, அழுத கண். குசினிக்குள்ளிருந்து, சாகக்கிடப்பவர்களுக்கு ஓதுகிற யாசீன் சத்தம்.

“காக்கா, நீங்கதான் இந்தச் சம்பந்தத்தக் கொண்டுவந்தது. உண்மையைச் சொல்லுங்க. அவர் இரிக்காரா?” என்றார் ராத்தா.

செய்தியைப் போட்டார்கள். கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: அழுகிற வீட்டில் முதல் வேலையாகச் சிரிக்கக் கூடாது, காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும். இஸ்மாயில் காக்கா என்னைப் பார்த்த பார்வையில் சம்பந்தத்தின் பாதி போய்விட்டது.

“ராத்தா, அது நல்ல செய்தி. கிரிட்டிக்கல் எண்டா நம்மட தமிழ்ல அவதிநிலை” என்றேன். நான் உயர்தரத்தில் பௌதிகம் படித்த காலத்துச் சொல். பாடப் புத்தகத்தில் அவதிக் கோணம், அவதி வெப்பநிலை என்று அழகாக இருக்கும்.

“அவதியா?” என்றார் ராத்தா.

“ஓம், அவதி.”

“அவதிப்படுறாராம்” என்று யாரோ குசினிக்குச் செய்தி கொண்டுபோனார்கள். யாசீன் ஓதுகிற சத்தம் கூடியது.

ஒரு சொல் சரிவராவிட்டால் அதை விட்டுவிட்டு இறங்கிவிடவேண்டும். நான் இறங்கவில்லை, அடுத்த சொல்லில் ஏறினேன். “அணுக்கரு பிளக்கும், அதில வாறது அடுத்த கருவப் பிளக்கும். இதச் சங்கிலித் தாக்கம் எண்டுறது.”

“ஆருக்குத் தாக்கின?” என்று ஒரு மாமா கதிரையை முன்னுக்கு இழுத்தார். தாக்கம் என்றால் இரசாயனம் படித்தவனுக்கு மாற்றம், மற்றவர்களுக்கு அடி. இதற்கிடையில் ராத்தாவின் முகம் வேறு காரணத்துக்காகச் சிவந்துபோயிருந்தது. “காக்கா, குமர்ப்புள்ள நிக்கிற இடத்தில கருக் கதை கதைக்காதீங்க” என்றார்.

ஷிபானாதான் ஒழுங்கான கேள்வி கேட்டாள். “மாமா, அங்க இரிக்கிற கதிர்ச் சாமானெல்லாம் எவ்வளவு காலத்துக்கு அப்பிடியே இரிக்கும்?”

படித்த பிள்ளை, இவளுக்கு விளங்கும் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அது பொருளப் பொறுத்தது மகள். அதில பாதி தேஞ்சு போற காலத்த அரை ஆயுட்காலம் எண்டு சொல்ற.”

அவளுக்கு விளங்கியது. அவளுடைய உம்மாவுக்கு, அந்த வேலைக்குப் போகிறவனுக்கு அரை ஆயுசு என்று விளங்கியது. மாபிள் பெட்டி ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் என்னைக் காப்பாற்ற வந்தது இஸ்மாயில் காக்காவின் மில். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “அங்க என்னத்தைத்தான் செய்ற? கடைசியில?” என்று கேட்டார்.

“தண்ணியக் கொதிக்கவெச்சு ஆவி எடுக்கிற காக்கா. ஆவி டேர்பைனச் சுத்தும், கரண்ட் வரும்.”

“அப்ப பொயிலர்.”

“பொயிலர்தான். நீங்க உமி போடுறீங்க, அவங்க யுரேனியம் போடுறாங்க.”

“அப்ப பொயிலர் பத்திட்டு எண்டு சொல்லுங்களன். கூடாமக் குறையாம நிண்டு எரியுதா?”

“அதேதான். அதத்தான் கிரிட்டிக்கல் எண்டுறது.”

முன்மண்டபம் முழுவதும் மூச்சு விட்டது. ஆண்கள் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருவர் நெல் வெட்டுகிற மெசின் இந்தப் போகத்துக்கு எப்போது வரும் என்று கதைக்கத் தொடங்கினார். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி வருமா என்று உள்வாசலைப் பார்த்தேன்.

தேத்தண்ணி வரவில்லை. ஹாஜரா ராத்தா எழும்பி நின்றார்.

“இவர்ட பொயிலர் வெடிச்சா மில்லுதான் போகும்” என்றார். “அது வெடிச்சா? காக்கா, எனக்கு ஒரே புள்ள. அவர் அந்த வேலைய விட்டுட்டு வரட்டும், மில்லப் பாக்கட்டும். இல்லாட்டி இந்தச் சம்பந்தம் வேணாம்.”

ஷிபானா தலையைக் குனிந்துகொண்டாள். ரிஸ்வானை எனக்குத் தெரியும். ராத்தா ஒரு வார்த்தை சொன்னால் அவன் வேலையை விட்டுவிடுவான். அந்தப் பெண்ணில் அவ்வளவு விருப்பம். அந்தக் கட்டுப்பாட்டு அறைக் கதிரையில் உட்காருவதற்காக எத்தனை பரீட்சை எழுதினான், எத்தனை பெருநாளை அந்நிய நாட்டில் தனியாகக் கழித்தான் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவன் உமிப் பொயிலருக்கு முன்னால் நின்று காலம் தள்ளுவான், ஒரு நாளும் குறை சொல்லமாட்டான். அதை நினைக்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

“பயப்பட ஒண்டுமில்ல ராத்தா” என்றேன். “சுவருக்கு மேல சுவர் கட்டியிரிக்கி. பயமே இல்ல. நான் இவ்வளவு காலம் நிண்டன், ஒரு நாளும் பயந்தில்ல. சத்தியமாப் பயமில்ல.”

“உங்கட மகளக் குடுப்பீங்களா?”

“எனக்கு நாலும் ஆம்பிளப் புள்ளைகள்.”

“அப்ப நீங்க கதைக்காதீங்க.”

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ரிஸ்வான். என் கை தானாக நீண்டது. தம்பிமாரே, இதுதான் நம்முடைய தொழிலின் வியாதி: செய்தி வெளியே போவதற்கு முன்னர் அதைப் பிடித்துச் சீவித் துடைக்கவேண்டும் என்று கை துடிக்கும். ஆனால் ஷிபானா உம்மாவின் கையிலிருந்து ஃபோனை வாங்கி, எனக்கு எட்டாத பக்கம் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“மாமியா? நான் நல்லா இரிக்கன் மாமி. சுணங்கிட்டு. இஞ்ச ட்ரிப் ஒண்டு ஆகிப்போச்சு.”

நான் தலையில் கை வைத்தேன். உலை பத்திய அதே நாளில் நின்றுவிட்டது என்கிறான். புது உலையில் இது நடக்கக்கூடியதுதான், ஆபத்தும் இல்லை. ஆனால் இதைச் சொல்வதற்கு இவனுக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா?

ஹாஜரா ராத்தாவுக்கு வேறு விதமாகக் கேட்டிருந்தது. “ட்ரிப்பா? இஞ்ச நாங்க யாசீன் ஓதிக்கிட்டிரிக்கம், நீங்க ட்ரிப் போனீங்களா?”

“ஆரோட?” என்றாள் ஷிபானா. ஆஸ்பத்திரியில் அவள் அந்தக் குரலில் கேட்டால் டொக்டர்மாரும் பதில் சொல்லுவார்கள் என்று நினைக்கிறேன்.

“அல்லாஹ்வே, அந்த ட்ரிப் இல்ல” என்றான் ரிஸ்வான். “வீட்டுச் சுவர்ல ட்ரிப் சுவிட்ச் இரிக்கிதானே மாமி, அது விழுற மாதிரி. ஒரு மீட்டர் பிழையாக் காட்டிச்சு. மெசினுக்குச் சந்தேகம் வந்தா கோலெல்லாம் உள்ளுக்கு விழுந்து தானா நிண்டிரும். அப்பிடி நிண்டிட்டு.”

நியூத்திரனை விழுங்குகிற கட்டுப்பாட்டுக் கோல்களைத்தான் சொல்கிறான். அவை இறங்கினால் ஓரிரு மூச்சுக்குள் தொடர் அறுந்துவிடும். ராத்தாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. ட்ரிப் சுவிட்ச் அவருக்குத் தெரியும். முந்தின கிழமைதான் அந்த வீட்டில் மாபிள் வெட்டுகிறவர் ஈரத்தில் மெசினைப் போட்டு, சுவிட்ச் விழுந்ததால் தப்பியிருக்கிறார்.

“அது நிக்கக்குள்ள நீங்க எங்க இரிந்த?” என்று கேட்டார்.

“மீட்டருகளுக்கு முன்னாலதான் மாமி. என்ட கதிரையிலதான்.”

“பயப்படல்லையா?”

நான் ஃபோனுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் ஆட்டினேன், தலையை ஆட்டினேன், இல்லை என்று சொல், இல்லை என்று சொல். அது குரல் அழைப்பு. அவனுக்கு நான் அங்கே இருப்பதே தெரியாது. முன்மண்டபத்தில் இருந்தவர்கள் எனக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள்.

“பயந்திட்டன் மாமி” என்றான். “எல்லா விளக்கும் ஒரே தரத்தில எரிஞ்சிச்சு. செய்ய வேண்டியத எழுதி வெச்சிரிக்கி, அதச் சத்தமா வாசிச்சு வாசிச்சுத்தான் ஒவ்வொண்டாச் செய்தன். அதுக்கு மறுகா, திரும்பப் பத்தவைப்பமா எண்டு பெரியவர் கேட்டார். அந்த மீட்டர் ஏன் பிழையாக் காட்டினது எண்டு தெரியாம நான் கை வைக்கமாட்டன் எண்டு சொல்லிட்டன். இப்ப அதத்தான் தேடுறாங்க.”

முடிந்தது என்று நினைத்தேன். நான் இவ்வளவு நேரம் பயமில்லை பயமில்லை என்று அடுக்கிவைத்ததை ஒரே தட்டில் சரித்துவிட்டான். கதிரைகளை வந்த வழியே கொண்டுபோகச் சொல்லவேண்டியதுதான், ரிஸ்வானை இனி எந்த முகத்தோடு பார்ப்பது என்று எனக்குள்ளே கணக்குப் போட்டேன்.

ஹாஜரா ராத்தா முந்தானையைச் சரிசெய்தார். “சாப்பிட்டீங்களா மகன்?” என்று கேட்டார்.

“இன்னும் இல்ல மாமி.”

“போய்ச் சாப்பிடுங்க. மறுகா ஷிபானாவோட கதைங்க.”

ஃபோனை மகளிடம் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபம் இருக்கவில்லை.

“நீங்க பயமில்ல, பயமில்ல எண்டு சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடிக்கிட்டே இரிந்திச்சு காக்கா” என்றார். “அவருக்குப் பயம் இரிக்கி. பயம் இரிக்கிற ஆளுக்குப் புள்ளயக் குடுக்கலாம்.”